திருகோணமலையில பின்னேரக் கடையள் சுத்துறது எப்பிடி: முதல்ல கைக்கு, பேந்து வாய்க்கு

ட்ரிங்கோவுக்கு வாற சொந்தக்காரர், பிரெண்ட்ஸ் எல்லாரும் கேக்கிறது, இரவில சுத்துறதுக்கு என்ன இருக்கு, நைட் மார்க்கெட் மாதிரி ஏதும் இருக்கா எண்டுதான். இருக்கு, ஆனா ஒரே மைதானத்துக்குள்ள லைட் கட்டி, வரிசையா கடை போட்டு, டிக்கெட் வெட்டி உள்ளுக்க விடுற மாதிரி நினைச்சுக்கொண்டு வராதீங்கோ. இஞ்ச அது துண்டு துண்டாத்தான் கிடக்கு. பிரட்றிக் கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்கு ஏறுற வழியில கொஞ்சம், டச்பே கடற்கரையில கொஞ்சம், டவுணுக்குள்ள மத்திய வீதி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொஞ்சம், சீசன் எண்டா உப்புவெளியிலயும் கொஞ்சம். இதுகள ஒரு பின்னேரத்துக்குள்ள ஒழுங்கா சுத்தி முடிக்கிறது உங்கட கையிலதான் இருக்கு. ஒழுங்கு தெரியாமப் போறவை முதல்ல வயிறு முட்டச் சாப்பிட்டு, பேந்து ஏழரைக்கு மேல ஓலைப்பெட்டி வாங்கவெண்டு கோட்டைப் பக்கம் ஓடுவினம், அங்க கடைக்காரர் சாமானுக்கு மேல படங்கு இழுத்து மூடிக்கொண்டு நிப்பினம்.

அதால சொல்றன், வெளிச்சம் இருக்கேக்க கைப்பொருள், இருட்டினாப் பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக் கடை இருட்டினாத்தான் சூடு பிடிக்கும், கைப்பொருள் கடை இருட்டினா சாத்திடும், காரணம் அது மட்டுமில்ல. பாயில பூஞ்சணம் இருக்கா, சாயம் ஒரே மாதிரி ஏறியிருக்கா, சிரட்டையில வெடிப்பு இருக்கா எண்டெல்லாம் அந்த வெள்ளை எல்ஈடி லைட்டுக்குக் கீழ ஒண்டும் தெரியாது. அந்த லைட்டுக்குக் கீழ எல்லாச் சாமானும் புதுசாத்தான் இருக்கும். இஞ்ச பொழுது ஆறரை அளவில படும், மார்கழியில ஆறுக்கு முன்னமே பட்டிடும். நாலு மணிக்கு கோட்டை வாசல்ல நிண்டீங்கள் எண்டா கணக்குச் சரி.

மாதத்தையும் ஒருக்கா யோசியுங்கோ. நாடு முழுக்க மழை எண்டு டிவியில சொன்னாலும் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் எங்கட பக்கம் வெயில்தான், கடலும் அமைதி. எங்களுக்கு மழை வாடைக் காத்தோட, ஐப்பசி கடைசி தொடங்கி தை வரைக்கும் இழுக்கும். அந்த மாதங்கள்ல கடற்கரைக் கடை பாதி வராது, வந்தாலும் ஒரு மழைக்கு எல்லாத்தையும் சுருட்டிக்கொண்டு ஓடிடுவினம். அப்ப வாறவை டவுணுக்குள்ள கொத்துரொட்டிக் கடையளோட திருப்திப்படுங்கோ.

பிரட்றிக் கோட்டை வாசலால உள்ளுக்க போங்கோ. 1620களில போர்த்துக்கேயர் கோயில இடிச்சு அந்தக் கல்லையும் போட்டுக் கட்டின கோட்டை, பேந்து ஒல்லாந்தர், அதுக்குப் பிறகு ஆங்கிலேயர், 1803இலதான் இந்தப் பேர் வைச்சவை. இப்பவும் ஆமிக் காம்ப் உள்ளுக்க இருக்கு, அதால அந்தப் பக்கம் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீங்கோ. வழி நெடுக மான் நிக்கும். பாக்க வடிவுதான், ஆனா கையில தின்ன ஏதும் வைச்சிருந்தா பின்னாலயே வரும், பொலித்தீனையும் சேத்து விழுங்கிப்போட்டுச் சாகிறதும் நடக்கிறது, அதால பையைக் கட்டி வைச்சிருங்கோ. திரும்பி வரேக்க ஓலைப்பெட்டி கையில இருந்தா அதையும் ஒருக்கா மணந்து பாக்கும், பயப்பிடாதீங்கோ. கோயில் நடை மத்தியானம் சாத்தினா பின்னேரம்தான் திறப்பினம், அதால பின்னேரப் பூசை பாக்கிற ஆக்கள் முதல்ல நேரா மேல போய்க் கும்பிட்டு, இராவணன் வெட்டையும் எட்டிப் பாத்துட்டு, இறங்கி வரேக்க கடையப் பாருங்கோ. ஏறேக்க வாங்கினா அந்தப் பாயையும் பெட்டியையும் சுமந்துகொண்டுதான் சாமி கும்பிடோணும்.

கடையில கிடக்கிறது ரெண்டு சாதி. ஒண்டு கொழும்பில மொத்தமா எடுத்து வந்து விக்கிற சாமான்: பிரிட்ஜில ஒட்டுற மேக்னட், ட்ரிங்கோ எண்டு எழுதின ரீசேட், பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான், தெற்குப் பக்கத்து முகமூடி, மர யானை. கெட்டதெண்டு சொல்லேல்ல, ஆனா அதுகள எங்கயும் வாங்கலாம். மற்றது பனையோலை, பன் புல்லில பின்னின பன்பாய், சிரட்டை, சிப்பி, கைத்தறி. இதுக்குத்தான் நேரம் செலவழிக்கோணும், இதிலதான் ஏமாறவும் செய்வீங்கள்.

பனையோலைச் சாமான் எண்டா முதல்ல விளிம்பைப் பாருங்கோ. பெட்டியின்ர உடம்பு வடிவா இருக்கும், விளிம்பு பொத்தினது இளகி இருந்தா ரெண்டு மாதத்தில பிரிஞ்சு வரும். விரலால விளிம்ப நெரிச்சுப் பாருங்கோ, அசையக் கூடாது. பேந்து உள்ளுக்க மூக்கை விட்டு மணந்து பாருங்கோ, வெக்கப்படத் தேவையில்ல, நல்ல ஓலை காய்ஞ்ச வாசம் வரும், ஈரமாக் கிடந்தது எண்டா புளிச்ச மணம் வரும், கரும்புள்ளியும் இருக்கும். சாயம் போட்டது எண்டா விரல ஈரமாக்கி ஒரு மூலையில தேச்சுப் பாருங்கோ, சிவப்பும் ஊதாவும்தான் கூட ஒட்டும். நீத்துப்பெட்டி, சுளகு மாதிரி சமையலுக்கு எடுக்கிறதெண்டா சாயம் போடாத வெள்ளை ஓலைதான் வேணும், புட்டு அவிக்கேக்க சாயம் ஆவியோட இறங்கும், யோசிச்சுப் பாருங்கோ. தூரத்தில பாக்க ஓலை மாதிரியே பிளாஸ்டிக் நாரில பின்னின கூடையும் இப்ப வருது, அது உழைக்கும்தான், ஆனா ஓலை விலை குடுக்காதீங்கோ.

பன்பாய் எடுக்கேக்க விரிச்சுத்தான் பாக்கோணும். சுருட்டி வைச்சிருக்கிற பாயின்ர வெளிப்பக்கம் எப்பவும் வடிவாத்தான் இருக்கும். நிலத்தில விரிச்சு, நாலு மூலையும் படியுதா, ஒரு பக்கம் இழுபடுதா எண்டு பாத்து, உள்ளங்கையால ஒருக்கா தடவி விடுங்கோ, பன் முறிஞ்ச இடம் கையில குத்தும். கொண்டு போகேக்க சுருட்டுங்கோ, மடிச்சா அந்த மடிப்பிலதான் முதல்ல வெடிக்கும். பஸ்ஸில சீட்டுக்கு மேல தட்டில வைக்கிறதுக்கு சின்னப் பாய் நல்லம், பெரிய பாய் எண்டா கண்டக்டரோட கதைச்சுத்தான் ஏத்தோணும்.

சிரட்டை அகப்பை சின்ன விசயம் மாதிரித்தான் இருக்கும், ஆனா இதில கனபேர் கோட்டை விடுவினம். பழைய முறையில சிரட்டையில ரெண்டு ஓட்டை போட்டு, காம்பை அதுக்குள்ளால விட்டு இறுக்குவினம். இப்ப கனக்க கம் போட்டு ஒட்டினதுதான் வருது, கொதிக்கிற கறிக்குள்ள விட்டா காம்பு கையில இருக்கும், சிரட்டை சட்டிக்குள்ள இருக்கும். இன்னொண்டு, பளபளவெண்டு மின்னுறது வார்னிஷ். அது அலுமாரியில வைக்க. சமைக்கிறதுக்கு மின்னாததை வாங்கி, வீட்ட போய் தேங்காயெண்ணெய் தடவி ஒரு நாள் விட்டுட்டுப் பாவியுங்கோ.

கைத்தறிச் சாரம், சாறி எண்டா கடைக்காரர் உடன மருதமுனை எண்டு சொல்லுவார். மருதமுனை அம்பாறை மாவட்டத்தில, நெசவுக்குப் பேர்போன ஊர், நல்ல சாமான்தான், ஆனா மருதமுனை எண்டு வாயால சொல்றதெல்லாம் மருதமுனை இல்ல. துணியின்ர ரெண்டு கரையையும் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ. கைத்தறியில கரையோரம் சின்னச் சின்ன ஊசித் துவாரம் இடைவெளி விட்டுப் போகும், நெய்யேக்க துணிய அகலமா இழுத்துப் பிடிக்கிறதுக்குக் குத்தின அடையாளம் அது. நூலும் அங்கங்க கொஞ்சம் தடிப்பா மெல்லிசா ஓடும். எல்லாம் மெஷின் மாதிரி ஒரே சீரா இருந்தா அது மெஷின்தான்.

சிப்பிச் சாமான்ல சாவிக்கொத்து, திரை, தொங்கல் எண்டு கனக்க இருக்கு, பிள்ளையளுக்கு வாங்கலாம். எல்லாம் இந்தக் கடற்கரையில பொறுக்கினது எண்டு நம்பிக்கொண்டு வாங்காதீங்கோ, அவ்வளவுதான். ஆனா ஆமை ஓட்டில செய்த வளையல், சீப்பு, பவளப்பாறைத் துண்டு எண்டு ஆரும் மேசைக்குக் கீழ இருந்து எடுத்துக் காட்டினா தொடாதீங்கோ. கடலாமையும் பவளமும் சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, விக்கிறவருக்கு மட்டுமில்ல, வைச்சிருக்கிற உங்களுக்கும் வழக்கு வரும், வெளிநாட்டுக்குப் போற ஆக்கள் எயார்போர்ட்டில மாட்டுவினம். வலம்புரிச் சங்கு எண்டு பெரிய விலை சொல்லுறவரிட்ட ஒரு கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்கோ.

பேரம் பேசுறதில என்ர அபிப்பிராயம் என்னெண்டா, மேக்னட்டுக்கும் ரீசேட்டுக்கும் நல்லாப் பேசுங்கோ, மூண்டு எடுத்தா எவ்வளவு எண்டு கேளுங்கோ, அவைக்கு அது பழக்கம். தான் பின்னின பெட்டியத் தானே கொண்டு வந்து நிலத்தில விரிச்சு வைச்சு விக்கிற அம்மாட்ட ஐம்பது ரூபாய்க்கு நிண்டு மல்லுக்கட்டாதீங்கோ. ஓலை வெட்டி, காய வைச்சு, வார்ந்து, சாயம் அவிச்சு, பின்னி முடிக்க நாள்க்கணக்கு ஆகும். அவவோட கொஞ்சம் கதையுங்கோ, இது எந்த ஊரில பின்னினது, இதை எப்பிடிக் கழுவுறது எண்டு கேளுங்கோ. பின்னின ஆளுக்குத்தான் பதில் தெரியும், வாங்கி விக்கிற ஆள் மழுப்புவார், அதிலயே உங்களுக்கு ஆரிட்ட வாங்கிறது எண்டு விளங்கிடும். அக்கா, அண்ணை, தம்பி எண்டு கூப்பிடுங்கோ, முஸ்லிம் ஆக்கள் எண்டா நானா, ராத்தா, சிங்கள ஆக்கள் எண்டா அய்யே, அக்கே. மூண்டு பாஷையும் இந்த ஊர்க் கடையில ஓடும், முறையாக் கூப்பிட்டா முகம் மலரும், விலை சிலவேளை இறங்கும், இறங்காட்டியும் மிச்சக் காசு சரியா வரும்.

பை கொண்டு போங்கோ, துணிப்பை. 2025 நவம்பர் தொடக்கம் கடையில குடுக்கிற பொலித்தீன் பைக்குக் காசு எடுக்கோணும் எண்டு சட்டம் வந்திட்டு, அதோட ஓலைச் சாமானைப் பொலித்தீனுக்குள்ள கட்டி வைச்சா வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பொழுது படேக்க கோட்டையால இறங்கி டச்பேக்கு வாங்கோ, நடந்தே வரலாம். வாங்கின சாமானை வாகனத்திலயோ ரூமிலயோ போட்டுட்டு வந்தா இன்னும் நல்லம், டைக் வீதிப் பக்கம் தங்கிற ஆக்களுக்கு அது லேசு. கடற்கரையில சனம் குடும்பம் குடும்பமா இருக்கும், பட்டம் விடுறவை, பந்தடிக்கிறவை, ஐஸ்கிரீம் வானின்ர பாட்டு, கச்சான் வறுக்கிற சட்டியில கரண்டி தட்டுற சத்தம். வந்த உடன ஒரு கடையில குந்தாதீங்கோ. முதல்ல ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தம் வரைக்கும் வெறுங்கையோட நடவுங்கோ. எந்தக் கடையில உள்ளூர்ச் சனம் பிள்ளையளோட நிக்குது, எந்தக் கடையில சட்டி இப்ப கொதிக்குது, எதில பொரிச்சது ஆறிப்போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்குது எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ. காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது எண்டும் பாருங்கோ. காத்து கடையைத் தாண்டி உங்கட பக்கம் வந்தா அடுப்புப் புகையும் மணலும் சேந்து உங்கட வடையிலதான் விழும்.

இறால் வடையில இருந்து தொடங்குங்கோ. பருப்பு வடைக்கு மேல இறாலை முழுசா ஒட்டிப் பொரிக்கிறது, மேல வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி. முன்னமே பொரிச்சு அடுக்கி வைச்சதை எடுத்துத் தராம, புதுசா எண்ணெய்க்குள்ள போட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கோ, ஐஞ்சு நிமிசம் நிண்டாலும் பரவாயில்ல. எண்ணெய் தேத்தண்ணி நிறத்தில கறுத்து, நுரை அடங்காமப் பொங்கிக்கொண்டிருந்தா அந்தக் கடைய விட்டுடுங்கோ. இறால் வளைஞ்சு இறுக்கமா இருக்கோணும், நொளுநொளுவெண்டு இருந்தாலோ மூக்கில அடிக்கிற மணம் வந்தாலோ துப்பிப்போட்டு எழும்புங்கோ, காசு போனாப் போகட்டும். சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கேக்க இறாலின்ர மூக்கு முள்ளையும் வாலையும் கழட்டிப்போட்டுக் குடுங்கோ.

அதுக்குப் பக்கத்திலயே அவிச்ச கடலை இருக்கும், செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளிச்சு பேப்பர்ச் சுருளில தருவினம், எனக்கு முழுக் கடற்கரையிலயும் இதுதான் முதலிடம். சோளம், மாங்காய்க்கு உப்புத்தூள், அன்னாசிக்கு மிளகாய்த்தூள், அம்பரலங்காய், அச்சாறு. வெட்டி வைச்ச பழத்துக்கு மேல வலை மூடியிருக்கா எண்டு பாருங்கோ, இல்லாட்டி உங்களுக்கு முன்னால புதுசா வெட்டச் சொல்லுங்கோ, ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.

மீன், கணவாய், நண்டு பொரிச்சுத் தாற இடமெண்டா பச்சையா இருக்கிறதைக் காட்டச் சொல்லி, நீங்களே தெரிஞ்சு எடுத்து, சட்டிக்குள்ள போட முன்னம் மொத்தம் எவ்வளவு எண்டு கேட்டுடுங்கோ. பொரிச்சு மேசைக்கு வந்தாப் பிறகு நிறையும் விலையும் கதைக்கிறதில அர்த்தமில்ல. மீனுக்குக் கண் தெளிவா, செவுள்ப் பூ சிவப்பா இருக்கோணும். சூரை, கெளவல்லா மாதிரி மீன் ஐஸ் இல்லாம மேசையில மணிக்கணக்கா கிடந்தா, எவ்வளவு பொரிச்சாலும் உடம்பில தடிப்பும் தலையிடியும் வரப் பாக்கும், அப்பிடிக் கிடக்கேக்க மீனில ஊறுற நஞ்சு சூட்டில போகாது. அதுகள ஐஸில வைச்சிருந்தா மட்டும் எடுங்கோ.

வடையும் கடலையும் பசியைக் கிளப்பத்தான், மெயின் சாப்பாட்டுக்கு டவுணுக்குள்ள ஏறுங்கோ. கொத்துச் சத்தம் கேக்கிற பக்கம் போங்கோ, வேற அட்ரஸ் தேவையில்ல. கொத்துக் கடையில ஓடர் குடுக்கேக்க மூண்டு விசயத்தைத் தெளிவாச் சொல்லோணும்: காரம் எவ்வளவு, முட்டை போடுறதோ, கிரேவி மேல ஊத்துறதோ புறம்பாத் தாறதோ. புறம்பா வாங்குங்கோ, மேல ஊத்தினா அரைவாசி சாப்பிட முதல் ரொட்டி களியாப் போயிடும். ஒரு ஃபுல் கொத்து ரெண்டு பேருக்குத் தாராளமாக் காணும், முன்னமே வடை உள்ளுக்க போயிருக்கு, மறக்காதீங்கோ. இடியப்பக் கொத்தும் கேட்டுப் பாருங்கோ, இரவில வயித்துக்கு அது லேசு. சைவக்காரர் கவனிக்க, அதே தட்டில, அதே தகட்டாலதான் மாட்டிறைச்சிக் கொத்தும் அடிச்சிருப்பினம், வெஜிடபிள் எண்டு சொன்னா மட்டும் காணாது. விரதமெண்டா பேசாம சைவக் கடைக்குப் போய் அப்பமோ தோசையோ சாப்பிடுங்கோ. ஹலால் பாக்கிற ஆக்களுக்கு இந்த ஊரில கஷ்டமே இல்ல. போயா (பௌர்ணமி) நாளில இறைச்சியும் சாராயமும் விக்கக் கூடாது, அண்டைக்கு முட்டைக் கொத்தும் மீனும்தான், கலண்டரைப் பாத்துட்டு வாங்கோ.

கடைசியா சட்டித் தயிரும் அதுக்கு மேல ஊத்துற இனிப்புப் பாணியும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் எண்டு கேட்டு வாங்குங்கோ. சட்டியைச் சரிச்சுப் பாத்தா தயிர் அசையாம நிக்கோணும், மேல மஞ்சள் ஆடை இருக்கோணும், தண்ணி விட்டிருந்தா பழசு. நேரமும் வாகனமும் இருந்தா கிண்ணியாவுக்கே போங்கோ, முந்தி பாதை எண்டு சொல்லுற மிதவையில ஏறிக் கடக்க வேண்டியிருந்தது, 2009இல 396 மீற்றர் பாலம் திறந்தாப் பிறகு ரோட்டாலயே போயிடலாம். நோன்பு மாதம் எண்டா அங்கத்தை இரவே வேற, நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகை முடிஞ்சாப் பிறகு கடைத்தெரு நடுச்சாமம் வரைக்கும் முழிச்சிருக்கும்.

சாதாரண நாள் இல்லாம விசேச நாள் பாத்து வரலாமெண்டா சிவராத்திரிக்கு வாங்கோ, இல்லாட்டி நவராத்திரிக் கும்ப நேரம். அண்டைக்கு இரவு முழுக்க ஊர்ச்சனம் ரோட்டிலதான், கச்சான் கடை, காப்புக் கடை, தும்பு முட்டாஸ், பலூன் எல்லாம் தானா முளைக்கும். ஆனா நெரிசல், பிள்ளையின்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ள உங்கட நம்பரை எழுதி வைச்சிடுங்கோ, நகையை வீட்டில வைச்சிட்டு வாங்கோ. உப்புவெளிப் பக்கம் சீசன்ல லைட்டும் மியூசிக்கும் இருக்கும், பொடியளுக்குப் பிடிக்கும், விலை வெள்ளைக்காரருக்குப் போட்ட விலை, அதைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ.

காசு சில்லறையாக் கொண்டு வாங்கோ, ஐயாயிரம் தாளை நீட்டினா கடலைக்காரர் உங்களையும் பாப்பார், தாளையும் பாப்பார். தண்ணிப் போத்தல், சோடாவில அச்சடிச்ச விலைக்கு மேல ஒரு சதமும் குடுக்கத் தேவையில்ல, கூட்டிக் கேட்டா 1977க்கு அடிக்கலாம், அது பாவனையாளர் அதிகார சபை. இருட்டினாப் பிறகு கடலுக்க இறங்காதீங்கோ, கால் நனைக்கிறதோட நிப்பாட்டுங்கோ. ஏதும் அவசரம் எண்டா பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. நிலாவெளி, உப்புவெளியில தங்கிற ஆக்கள் இரவு பஸ்ஸை நம்பாதீங்கோ, வரேக்கயே ஓட்டோக்காரரோட திரும்பிப் போற விலையும் கதைச்சு நம்பரை வாங்கி வைச்சிருங்கோ, பத்து மணிக்கு மேல ரோட்டில நிண்டு கதைச்சா விலை அவர் சொல்றதுதான்.

ரூமுக்குப் போன உடன ஓலைச் சாமானையும் பாயையும் பையால வெளியில எடுத்து, ஃபானுக்குக் கீழ விரிச்சு விடுங்கோ, கடற்காத்தின்ர ஈரம் அதில ஏறியிருக்கும். விடிய ஒரு மணித்தியாலம் இளவெயில் காட்டிப்போட்டுக் கட்டினா யாழ்ப்பாணமோ கொழும்போ, எவ்வளவு தூரமும் பழுதில்லாமப் போகும். தயிர்ச்சட்டிய மட்டும் பஸ்ஸில மடியில வைச்சுக்கொண்டு போங்கோ, கீழ வைச்சா ஹபரணை தாண்ட முன்னம் சீட்டுக்குக் கீழ ஓடிடும்.